கைப்பம்பில் வந்த பச்சைத் தண்ணீர்

எங்கள் தெருவில் அவரைக் குடுவை என்றுதான் சொல்வோம். பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் துறை ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷமாக உதவியாளர். மாணவர்கள் சோதனை முடித்துப் போட்டுவிட்டுப் போகும் கண்ணாடிக் குடுவைகளையும் குழாய்களையும் கழுவிக் கவிழ்த்துவைப்பது அவர் பொறுப்பு. அந்தப் பழக்கம் வீடுவரைக்கும் வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் தம்ளரை எடுத்தால் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவார்.

"நான் கழுவினதுல என்னத்தத் தேடுறீங்க?" என்று மனைவி கேட்பார்.

"சும்மா, பழக்கம்" என்பார்.

நான் தையல்காரி. என் தையல் மெஷின் தெருப்பக்க ஜன்னலை ஒட்டி இருக்கிறது. ஊசியில் ஒரு கண், தெருவில் ஒரு கண் என்றுதான் என் பிழைப்பு. எங்கள் தெருவுக்கு ஒரு பக்கம்தான் வீடுகள். எதிர்ப்பக்கம் முழுக்கப் பல்கலைக்கழகத்தின் பின்சுவர். சுவருக்கு அந்தப்பக்கம் துறையின் பழைய கட்டடம். இந்தப்பக்கம், என் ஜன்னலுக்கு நேர் எதிரே, பொதுக் கைப்பம்பு. மூன்று வீடு தள்ளி முலாம் பட்டறை. தண்ணீர்க்குழாய், கதவுக் கைப்பிடி, சைக்கிள் பாகம் எதைக் கொடுத்தாலும் முகம் தெரிகிற மாதிரி பளபளவென்று ஆக்கித் தருவார்கள். பட்டறைக்காரர் வேறு யாருமில்லை, குடுவையின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன்.

அந்த வருஷம் பல்கலைக்கழகத்துக்குப் பசுமை வளாகம் என்று ஒரு விருது வந்தது. வாசலில் பெரிய பலகை வைத்தார்கள். வளாகத்துக்குள் பிளாஸ்டிக் கிடையாது, கூரையெல்லாம் சூரியத் தகடு, கழிவுநீரைச் சுத்திகரித்துச் செடிக்கு விடுகிறார்கள் என்று எழுதியிருந்தது. விருதோடு ஒரு நிபந்தனையும் உண்டாம்: வளாகத்துக்கு வெளியே இருக்கும் மக்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும். அதனால் துறைத்தலைவி எங்கள் தெருவைத் தேர்ந்தெடுத்தார். ஒல்லியான அம்மா, நடையில் எப்போதும் ஒரு அவசரம், பேச்சில் குறை சொல்ல முடியாது. பத்து மாணவர்களோடு வந்து வீடுவீடாகத் தண்ணீர் பிடித்துப் போனார். கைப்பம்பிலும் பிடித்தார்.

மூன்று வாரம் கழித்து, முடிவைக் காகிதத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்கள். கைப்பம்புத் தண்ணீரில் குரோமியம். அனுமதித்த அளவைப்போல ஒன்பது மடங்கு. மறுநாளே நகராட்சி ஆட்கள் வந்து பம்புக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்தார்கள். கைப்பிடியைக் கம்பியால் கட்டினார்கள். குரோமியம் யாரிடம் இருக்கும்? முலாம் போடுகிறவரிடம்தான் இருக்கும். இதற்கு யாரும் படித்திருக்க வேண்டியதில்லை. அடுத்த நாள் பட்டறைக் கதவில் சீல்.

தெருவே ஒரே பேச்சு பேசியது. நானும்தான் பேசினேன், மறைப்பானேன். என் இளைய மகளுக்கு இரண்டு வருஷமாகக் கையில் அரிப்பு. அந்தப் பளபளப்பையெல்லாம் நினைத்தபோது வயிறு எரிந்தது.

ஆனால் பட்டறைக்காரர் வீட்டில் வேறு கணக்குப் போட்டார்கள். ஊரில் இத்தனை தெரு இருக்க, பல்கலைக்கழகத்து ஆட்கள் சரியாக இந்தத் தெருவுக்கு எப்படி வந்தார்கள்? அங்கே வேலை பார்ப்பது யார்? ஒரு சாயங்காலம் பட்டறைக்காரர் தங்கை வீட்டு வாசலில் நின்றுகொண்டே, உள்ளே வராமல், கேட்டார்:

"மாப்ள, என் மேல உங்களுக்கு என்ன கோவம்?"

"எனக்கென்ன கோவம் மச்சான்? உள்ள வாங்க."

"நேரா என்கிட்ட சொல்லியிருக்கலாமே. கூடவே இருந்து குழி பறிச்சுட்டீங்க."

"நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல."

"அப்ப அந்தம்மாவுக்குக் கனவுலயா தெரிஞ்சுது?"

போய்விட்டார். அதற்கப்புறம் அண்ணன் வீட்டிலிருந்து தங்கைக்குப் போன்கூட வரவில்லை. மனைவி சண்டை போட்டிருந்தால் குடுவைக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சண்டை போடவில்லை. சாப்பாடு பரிமாறும்போது ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வையைத்தான் தாங்க முடியவில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னார். இனி நான் சொல்வதில் பாதி அவரே சொன்னது. தப்பாகச் சொன்ன இடங்களை அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினார்.

ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில், சுவரில் ஒட்டிய காகிதத்தைக் குடுவை நின்று முழுசாகப் படித்தார். நாங்களெல்லாம் சிவப்பு வட்டம் போட்ட குரோமியத்தை மட்டும்தான் படித்திருந்தோம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. பாதரசம்: மிகக் குறைவு, அனுமதித்த அளவுக்குள்.

அளவுக்குள்தான். ஆனால் பாதரசம் எதற்கு அங்கே வந்தது? மச்சானின் பட்டறையில் ஒவ்வொரு தொட்டியையும் அவர் பார்த்திருக்கிறார். பாதரசத்துக்கு அங்கே வேலையே கிடையாது.

குரோமியமும் பாதரசமும் ஒன்றாக இருக்கும் ஒரு இடம் அவருக்குத் தெரியும். ஆற்றுத் தண்ணீரோ சாக்கடைத் தண்ணீரோ, அதில் எவ்வளவு அழுக்கு என்று அளக்க ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்வார்கள். ஆரஞ்சு நிறத் திரவத்தைக் குழாயில் ஊற்றி இரண்டு மணிநேரம் சூடாக்குவார்கள். அந்தத் திரவத்தில் குரோமியம் உண்டு. கூடச் சேர்க்கும் மருந்தில் பாதரசம் உண்டு. சோதனை முடிந்ததும் அந்தக் குழாய்களையெல்லாம் கழுவி வைப்பவர் அவர்தான். மிச்சத்தை எங்கே கொட்டுவார்? ஜன்னலோரத்து சிங்க்கில்.

அங்கேயே நின்றுவிட்டாராம்.

ஆனாலும் உடனே தன்மேல் சந்தேகப்பட அவருக்கு மனம் வரவில்லை. சிங்க் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தானே போகிறது? வாசல் பலகையிலேயே எழுதியிருக்கிறதே? பராமரிப்புப் பிரிவில் இருந்த பழைய பிளம்பரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"நம்ம பழைய கட்டடத்து லைன் எந்தப்பக்கமா போகுது?"

பிளம்பர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்குக் கேக்குறீங்க?"

"அடைச்சுக்குற மாதிரி இருக்கு."

"அடைச்சா என்னைக் கூப்பிடுங்க. அது எங்க போகுதுன்னு எனக்கும் தெரியாது, எனக்கு முன்னாடி இருந்தவருக்கும் தெரியாது. புதுக் கட்டடத்த மட்டும்தான் நிலையத்தோட சேர்த்தாங்க. பழசை நாளைக்குச் சேக்கலாம்னாங்க. அந்த நாளை இன்னும் வரல."

சொன்னவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அன்று மத்தியானமே குடுவை துறைத்தலைவியின் அறைக்குப் போனார். இருபத்திரண்டு வருஷத்தில் கூப்பிடாமல் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை. விஷயத்தைச் சொன்னார். அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பட்டறை உங்க மச்சினரோடதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். "நீங்க சொல்றதுல எது உங்க சந்தேகம், எது உங்க குடும்பத்தோட ஆசை?"

குடுவைக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "மேடம், குழாயில சாயம் போட்டுப் பாத்துடலாமே. ஆத்து ஓட்டம் பாக்கப் பசங்க எடுத்துட்டுப் போவாங்களே, அந்தப் பச்சைப் பொடி. உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது."

"விருதுக் குழு அடுத்த மாசம் மறுபடி பார்வையிட வருது. அதுக்கப்புறம் பாக்கலாம்."

மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் சாயங்காலம் ரசாயன அலமாரியின் சாவியைத் தன் அறையில் கொடுத்துவிட்டுப் போகும்படி ஆள் சொல்லியனுப்பினார். அவர் தன்னைச் சந்தேகப்படுகிறார் என்று குடுவைக்குப் புரிந்தது. தான் அவரைச் சந்தேகப்படுவதும் நியாயம்தான் என்று அப்போது தோன்றியதாம். அவருக்குத் தெரிந்தேதான் நடக்கிறதோ? அதனால்தான் எங்கள் தெருவுக்கே வந்தாரோ, வேறு யாரும் தோண்டிப் பார்ப்பதற்குள் பழியை ஒரு இடத்தில் இறக்கிவைக்க? ராத்திரியெல்லாம் இப்படி ஓடியது மனசு.

பச்சைப் பொடி அலமாரியில் இல்லை. ஆற்றுக்குப் போய்வந்த மாணவர்கள் பாதி டப்பாவைப் பையோடு ஜன்னலடியில் விட்டுப்போயிருந்தார்கள். பருவத்தேர்வு முடிந்து விடுமுறை விட்ட முதல் நாள் காலை, வழக்கம்போல் கதவைத் திறந்து, பொடியை ஒரு வாளியில் கரைத்து சிங்க்கில் ஊற்றினார். குழாயை மத்தியானம் வரைக்கும் திறந்துவிட்டார். பிறகு சாயத்தைத் தள்ளுவதற்காகத் தினமும் ஒரு மணிநேரம் வெறும் தண்ணீர் விட்டார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. தினமும் காலையில் பால் வாங்கப் போகிற நேரத்தில், இந்த மனிதர் சிவப்பு பெயிண்ட் அடித்த பம்பின் கம்பியை அவிழ்க்கிறார். இருபது முப்பது அடி அடிக்கிறார். வெள்ளை மக்கில் பிடித்து, சூரியனுக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார். கொட்டுகிறார். கம்பியைப் பழையபடி கட்டுகிறார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் போகிறார்.

மூன்று நாள் பொறுத்தேன். நாலாவது நாள் ஜன்னலிலிருந்தே கேட்டேன். "என்ன அண்ணே, அந்தத் தண்ணியில என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி."

ஒன்றுமில்லாமல் ஒரு மனிதன் தினமும் பம்பு அடிப்பானா? மச்சினர் பட்டறையைத் திறக்கவைக்க இவர் ஏதோ செய்கிறார். தண்ணீரில் எதையோ கலந்து குரோமியத்தை மறைக்கப் பார்க்கிறார் என்று எனக்கு உறுதியாகப் பட்டது. அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் சொன்னேன். நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். தெருவே அந்தப் பம்பைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க ஆரம்பித்தது.

ஒன்பதாம் நாள். மக்கைத் தூக்கிப் பிடித்தவர் அப்படியே நின்றார். ஜன்னலிலிருந்தே எனக்குத் தெரிந்தது. இளம்பச்சை. கண்ணாடி வளையல் ஒன்றை அதில் கரைத்த மாதிரி மினுமினுவென்று இருந்தது.

நான் போட்ட கூச்சலுக்கு அரை நிமிஷத்தில் தெரு கூடிவிட்டது. ஒருவர் மக்கைப் பிடுங்கிப் பார்த்தார். இன்னொருவர் பம்பை அடித்தார். பம்பிலும் பச்சை வந்தது. "பட்டறைக்காரன் மறுபடியும் எதையோ ஊத்திட்டான்!" என்று ஒரு குரல். நாலைந்து பேர் பட்டறைப் பக்கம் ஓடினார்கள். சத்தம் கேட்டுப் பட்டறையை ஒட்டிய தன் வீட்டிலிருந்து வெளியே வந்த பட்டறைக்காரரின் சட்டையைப் பிடித்தாயிற்று. பாவம், அந்த மனிதர் பல்கூடத் தேய்க்கவில்லை.

"அவர விடுங்க!" குடுவை கத்தி நாங்கள் கேட்டதே இல்லை. "அது நான் போட்டது."

கூட்டம் திரும்பியது. நான்தான் முதலில் கேட்டேன்: "எங்க தண்ணியிலயா விஷம் கலந்தீங்க?"

"விஷம் இல்ல. வெறும் சாயம். பம்புலயும் போடல." கையைத் தூக்கிச் சுவருக்கு அந்தப்பக்கம் காட்டினார். "அங்க, எங்க லேப் சிங்க்ல போட்டேன். ஒம்போது நாள் ஆச்சு. இங்க வந்திருக்கு."

யாருக்கும் உடனே விளங்கவில்லை. அவரே தொடர்ந்தார்.

"குரோமியமும் அப்படித்தான் வந்திருக்கு. இருபத்திரண்டு வருஷமா அந்த சிங்க்ல அதைக் கொட்டினது நான்தான்."

பட்டறைக்காரரின் சட்டையைப் பிடித்திருந்த கை மெதுவாக இறங்கியது.

"அப்ப எங்க புள்ளைங்க குடிச்ச தண்ணி?" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

"என் வீட்லயும் அதைத்தான் குடிச்சோம், தங்கச்சி" என்றார்.

ஒருவரும் அவரை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று இருந்ததாம் அவருக்கு. கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. கடைசியில் பம்படியில் அவர் மனைவி மட்டும் நின்றார். மக்கை வாங்கிக்கொண்டு, "வீட்டுக்கு வாங்க" என்றார்.

பத்து மணிக்குள் துறைத்தலைவி தானே வந்தார். கூட ஒருவரும் இல்லை. பம்பில் ஒரு பாட்டில் பிடித்தார். பையிலிருந்து, அந்தச் சாயத்தை ஒளிரவைக்கும் நீல விளக்கு ஒன்றை எடுத்து, என் வீட்டுக்குள் வந்து ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு, பாட்டிலின்மேல் அடித்தார். பாட்டில் பச்சையாக ஒளிர்ந்தது. அந்தம்மா என் துணிமூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றார், என்னைப் பார்த்து இல்லை, பாட்டிலைப் பார்த்து. "கேட்டிருக்கணும். அவர் வந்து சொன்னப்பவே போய்ப் பாத்திருக்கணும்."

அவர் சொன்னது நிஜமா, நடிப்பா என்று அன்றைக்கு என்னால் முடிவுகட்ட முடியவில்லை. பெரிய இடத்து அழுகையை அவ்வளவு சீக்கிரம் நம்பிவிட முடியுமா?

பல்கலைக்கழகம் விஷயத்தைக் காதும் காதும் வைத்தாற்போல் முடிக்கத்தான் பார்த்தது. பதிவாளர் குடுவையைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். "நீங்க கை தவறிப் பம்புலயே சாயத்தக் கொட்டிட்டீங்கன்னு ஒரு கடிதம் எழுதிக் குடுத்துடுங்க. நாங்க உங்களப் பாத்துக்கறோம்" என்றார். குடுவை தேநீரைத் தொடவில்லை. கடிதமும் எழுதவில்லை. இரண்டே நாளில் அனுமதியில்லாமல் ரசாயனம் எடுத்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கூடவே நூலகத்துக்கு மாற்றலும்.

நூலகத்தில் ஏழு மாசம் புத்தகத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டினார். அந்த ஏழு மாசமும் தெருவில் பாதிப்பேர் அவரோடு பேசவில்லை. அவர் நல்லது செய்தாரா, கெட்டது செய்தாரா என்று எங்களுக்குள் தீர்மானம் ஆகவில்லை. சில வீட்டில், இவ்வளவு வருஷம் தெரியாமலா ஊற்றியிருப்பார் என்றார்கள். நான் அவர்கள் வீட்டுத் துணியைத் தைத்துக் கொடுக்கிற சாக்கில் அவர் மனைவியிடம் பேச ஆரம்பித்தேன். கூச்சல் போட்டவள் நான்தானே.

இதற்குள் துறைத்தலைவி தன் கையெழுத்திலேயே ஓர் அறிக்கை எழுதி, பதிவாளருக்கும் நகராட்சிக்கும் விருதுக் குழுவுக்கும் ஒரே நாளில் அனுப்பிவிட்டார். சுவரோரம் தோண்டினார்கள். பழைய கட்டடத்துக் குழாய் எங்கும் போகவில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் செங்கல் உதிர்ந்துபோன ஒரு பழைய உறிஞ்சு குழியில் முடிந்திருந்தது. பம்பிலிருந்து நாற்பது தப்படி. விருதுப் பலகையை ஒருநாள் யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. குழியை அள்ளி மூடினார்கள். எங்கள் தெருவுக்குப் புதுக் குழாய் வந்தது. ஆய்வகத்தில் சிங்க் பக்கத்தில் மூடிபோட்ட பீப்பாய்கள் வந்தன. ஒரு சொட்டுக்கூட வெளியே போகாமல் நிரப்பி, சீட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். எந்த பாட்டிலில் என்ன மிச்சம் இருக்கும் என்று பார்த்தமாத்திரத்தில் சொல்லக்கூடியவர் அங்கே ஒருவரும் இல்லை. எட்டாவது மாசம் குடுவையைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மெமோ மட்டும் அவர் கோப்பில் அப்படியே இருக்கிறது.

பட்டறைக் கதவின் சீலை முன்னமே அகற்றிவிட்டார்கள். மனிதர் தங்கை வீட்டுக்கு வந்து, இந்த முறை உள்ளே வந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் சரியாகப் போய்விட்டது என்று நினைத்தோம். ஆனால் தெரு மண்ணையும் சோதித்தபோது மாணவர்கள் இந்தத் தடவை, முலாம் வேலையில் பயன்படும் நிக்கலையும் சேர்த்துப் பார்த்திருந்தார்கள். சுவர்ப்பக்கம் நிக்கல் இல்லை. பட்டறைப்பக்கம் இருந்தது.

குடுவை அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனார்.

"மச்சான், பின்னாடி தொட்டி அலசுற தண்ணிய எங்க விடுறீங்க?"

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா மாப்ள?"

"எங்க விடுறீங்கன்னுதான் கேட்டேன்."

"உங்க பல்கலைக்கழகம் பண்ணினதுக்கு முன்னால நான் பண்றது ஒரு தூசு."

"தூசுதான். அதையும் பீப்பாயில பிடிங்க. எப்படின்னு நான் வந்து காட்டுறேன்."

பட்டறைக்காரர் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: மாணவர்கள் பட்டறைக்குள் வரும்போதெல்லாம் மாப்பிள்ளை கூடவே நிற்கவேண்டும். மாப்பிள்ளையும் ஒரு நிபந்தனை போட்டார்: மாதிரி எடுக்கும் பாட்டிலை மச்சான் கையால் தொடக்கூடாது. இன்றைக்கும் மாசம் ஒரு தடவை இருவரும் தொட்டியருகே ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடி நிற்பதை நான் பார்க்கிறேன். மற்ற நாளில் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

புதுக் குழாயில் முதல் தண்ணீர் வந்த அன்று நானும் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அவர் மனைவி ஒரு குடம் பிடித்து வைத்துவிட்டு, குடிக்காமல் நின்றார்.

"இதை டெஸ்ட் பண்ணாச்சா?"

"பண்ணாச்சு. சுத்தமா இருக்கு" என்றார் குடுவை.

"யாரு பண்ணாங்க?"

"எங்க லேப்லதான்."

மனைவி குடத்தை மூடி ஓரமாகத் தள்ளிவைத்தார். "அப்ப இன்னொரு எடத்துலயும் குடுத்துப் பாத்துட்டு வாங்க."

அவர் மறுநாள் லீவு போட்டு, ஒரு பாட்டிலில் பிடித்துச் சீட்டு ஒட்டிக்கொண்டு, பக்கத்து ஊர்ப் பேருந்தில் ஏறினார். நான் என் வீட்டுக் குழாயில் பிடித்த பாட்டிலையும் அவர் பையில் போட்டு அனுப்பினேன்.